மூளை ஒரு கோட்டுருவான வரலாறு

கோட்டுரு என்பது கணிதத்தில் சில புள்ளிகளும் அவற்றை இணைக்கும் சில கோடுகளும் மட்டுமே. புள்ளிக்குக் கணு என்று பெயர், கோட்டுக்கு விளிம்பு. கணுக்கள் எவ்வளவு தள்ளி இருக்கின்றன, விளிம்பு நேராகப் போகிறதா வளைந்து போகிறதா என்பதெல்லாம் கணக்கில் வராது. எது எதோடு இணைந்திருக்கிறது என்பது ஒன்றுதான் கணக்கு. மூளையைப் படமெடுத்து, அந்தப் படத்தைக் கோட்டுருவாக்கி, அதை அளந்து மூளையின் அமைப்பையும் நோயையும் பற்றிப் பேசுவது இன்று நரம்பறிவியலில் பெரிய பிரிவாகிவிட்டது. அந்தப் பிரிவின் வரலாறு முழுக்க ஒரே வழக்குதான் வேறுவேறு உருவில் திரும்பத் திரும்ப வருகிறது: மூளையில் எதைக் கணு என்பது, எதை விளிம்பு என்பது?

கணிதத்தின் பக்கம் கதை கோனிக்ஸ்பெர்க் நகரில் தொடங்குகிறது. பிரீகல் ஆற்றின் மேல் இருந்த ஏழு பாலங்களையும் ஒவ்வொன்றாக, ஒரே ஒரு முறை மட்டும் கடந்து வர முடியுமா என்ற ஊர்க்கேள்விக்கு, முடியாது என்று 1736ஆம் ஆண்டில் லெயோனார்ட் ஆய்லர் நிறுவினார். பாடநூல்களில் காணும் நான்கு புள்ளி, ஏழு கோட்டுப் படம் ஆய்லரின் கட்டுரையில் கிடையாது. அது பின்னாளில் வரைந்தது. அதன்பின் நெடுங்காலம் இந்தக் கணக்குகள் புதிர்களாகவும், வேதிச் சேர்மங்களின் அணுப்பிணைப்பைக் குறிக்கும் வரைவுகளாகவும் உதிரியாகவே கிடந்தன. தேனிஷ் கோனிக் என்ற ஹங்கேரியர் 1936இல் ஜெர்மன் மொழியில் எழுதிய நூல்தான் துறைக்கு முதல் பாடநூல். 1959இல் பால் ஏர்தோஷும் ஆல்பிரெட் ரேனியும் சமவாய்ப்புக் கோட்டுருக்களை ஆராய்ந்தார்கள். எந்தக் கணுவை எதோடு இணைப்பது என்பதைக் காசு சுண்டித் தீர்மானித்தால் கிடைக்கும் கோட்டுரு எப்படி இருக்கும் என்பதே கேள்வி. மூளை ஆய்வுக்கு இது பின்னால் மிகவும் பயன்பட்டது. ஒரு வலைப்பின்னலில் ஏதோ ஒழுங்கு இருக்கிறது என்று சொல்ல, ஒழுங்கே இல்லாத ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா?

மூளையின் பக்கம் முதல் வழக்கு நுண்ணோக்கியடியில் நடந்தது. இத்தாலியரான கமில்லோ கோல்ஜி 1873இல் வெள்ளி நைட்ரேட்டைக் கொண்டு நரம்புத் திசுவைக் கறுக்கவைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அந்தச் சாயம் எல்லா உயிரணுக்களையும் பிடிப்பதில்லை. எங்கோ சிலவற்றை மட்டும் முழுமையாகப் பிடிக்கும். அதனால்தான் படம் தெளிவாகத் தெரிந்தது. அதே சாயத்தைச் செம்மைப்படுத்திய ஸ்பானியர் சாந்தியாகோ ரமோன் இ காஹால், 1888 முதல் வெளியிட்ட ஆய்வுகளில் நரம்பு செல்கள் ஒவ்வொன்றும் தனித்தனி என்று வாதிட்டார். கோல்ஜிக்கோ மூளை முழுக்க இடைவெளியற்ற ஒரே வலை. 1906இல் இருவருக்கும் நோபல் பரிசைப் பகிர்ந்து கொடுத்தார்கள். பரிசு உரையிலேயே கோல்ஜி காஹாலின் கொள்கையைத் தாக்கிப் பேசினார். கோல்ஜி சொன்னது சரியாக இருந்திருந்தால் மூளையில் கணு என்று சுட்டிக்காட்ட எதுவுமே இருந்திருக்காது.

நோயாளிகளைப் பார்த்த மருத்துவர்கள் அதற்கு முன்பே புள்ளியும் கோடும் வரையத் தொடங்கியிருந்தார்கள். பேச்சைப் புரிந்துகொள்ளும் இடமும் பேச்சை உண்டாக்கும் இடமும் நன்றாக இருந்து, இரண்டையும் இணைக்கும் நார்கள் மட்டும் அறுந்தாலும் பேச்சு கெடும் என்று கார்ல் வெர்னிக்கே 1874இல் எழுதினார். லுட்விக் லிக்ட்ஹைம் 1885இல் மூளையின் மொழிப் பகுதிகளை எழுத்துகளாலும் கோடுகளாலும் வரைந்து, எந்தக் கோடு அறுந்தால் என்ன கோளாறு வரும் என்று முன்கூட்டியே சொல்லிப் பார்த்தார். அப்படி வரைந்தவர்களை ஹென்றி ஹெட் 1926இல் ‘வரைபடக்காரர்கள்’ என்று கேலி செய்தார். நோயாளியைப் பார்க்காமல் படத்தைப் பார்க்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. எண்பது ஆண்டு கழித்து வந்த கோட்டுரு ஆய்வாளர்களுக்கும் அது பொருந்தும் என்று சொல்பவர்கள் உண்டு. பகுதிகளைப் பிரிக்கும் வேலையையும் இதே காலத்தில் கோர்பினியன் பிராட்மன் செய்தார். செல்களின் அடுக்கமைப்பைப் பார்த்துப் பெருமூளைப் புறணியை 52 வரை எண்ணிட்ட பகுதிகளாக அவர் 1909இல் வெளியிட்ட வரைபடம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

முழு நரம்பு மண்டலத்தையும் கணு கணுவாக, விளிம்பு விளிம்பாக வரைந்து முடித்தது ஒரு புழுவில். ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்ற உருளைப்புழுவைக் கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னர் 1960களில் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தார். அதற்கு இருப்பது 302 நரம்பு செல்கள்தான். நிக்கல் தாம்ஸன் புழுவை மில்லிமீட்டரில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள சீவல்களாக, ஒன்றுகூடத் தவறாத வரிசையில், அரிந்து கொடுத்தார். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களை மேசையில் பரப்பி, ஒவ்வொரு நரம்பிழைக்கும் ஓர் அடையாளக் குறியிட்டு, அடுத்த படத்தில் அதே இழை எங்கே போகிறது என்று கண்ணால் தேடி, மீண்டும் குறியிட்டுக்கொண்டே போக வேண்டும். ஓரிடத்தில் தவறினால் அதற்கு அப்பால் உள்ள எல்லாமே தவறு. அந்த வேலையின் பெரும்பங்கை எயிலீன் சவுத்கேட் செய்தார். கணினிக்குக் கற்றுக்கொடுக்க முயன்றும் அன்றைய கணினியால் அது முடியவில்லை. ஜான் வைட்டை முதல் ஆசிரியராகக் கொண்டு 1986இல் வெளியான கட்டுரை ஏறக்குறைய 340 பக்கம். ஒரு செல் மற்றொன்றுக்கு வேதிப்பொருளால் சமிக்ஞை கடத்தும் இணைப்புகளான சுமார் 5,000 வேதிச் சினாப்ஸ்கள், 600 நேரடி மின்னிணைப்புகள், தசைகளோடு 2,000 இணைப்புகள் அதில் பதிவாயின.

அதிலும் சில ஒட்டுவேலைகள் உண்டு. அந்த வரைபடம் ஒரே புழுவினுடையது அன்று. சில புழுக்களின் துண்டுகளைச் சேர்த்தது. உடலின் நடுப்பகுதியிலும் பின்பகுதியிலும் விட்டுப்போன இடங்களை நிரப்பித் திருத்திய வடிவம் 2011இல்தான் வந்தது. ஆனாலும் கணு என்பது ஒரு செல், விளிம்பு என்பது கண்ணால் பார்த்த ஒரு சினாப்ஸ் என்று ஐயமில்லாமல் சொல்ல முடிந்த வரைபடம் அது. மனித மூளைக் கோட்டுருக்களில் அந்தத் தெளிவு இன்றுவரை கிடைக்கவில்லை.

பெரிய விலங்குகளில் செல்லைச் செல்லாக எண்ணுவது நடக்காத காரியம் என்பதால் பகுதிகளையே கணுவாகக் கொண்டார்கள். குரங்கின் மூளையில் ஓரிடத்தில் சாயம் செலுத்தினால், நரம்பிழை வழியே அது போய்ச் சேரும் இடங்களைப் பின்னால் அரிந்து பார்க்கலாம். இப்படி வெளியான நூற்றுக்கணக்கான ஆய்வுகளை டேனியல் ஃபெல்மனும் டேவிட் வான் எசனும் திரட்டி, 1991இல் மக்காக் குரங்கின் பார்வைப் புறணிக்கு ஒரு படம் வரைந்தார்கள். 32 பகுதிகள், அவற்றுக்கிடையே 305 இணைப்புகள். சுரங்க ரயில் வரைபடத்தை நினைவூட்டும் அந்தப் படம் நரம்பறிவியல் வகுப்புகளில் இன்றும் மாட்டியிருக்கும். மால்கம் யங் அடுத்த ஆண்டே அத்தகைய தரவுகளைக் கணித முறையால் ஒழுங்குபடுத்திப் பார்த்தார். இருந்தும் கோட்டுருவியல் என்ற பெயரோடு யாரும் கூட்டமாக இந்தப் பக்கம் வரவில்லை.

அவர்களை வரவைத்தது மூளை ஆய்வாளர் எழுதிய கட்டுரை அன்று. கார்னெல் பல்கலைக்கழகத்தில் டங்கன் வாட்ஸும் ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸும் 1998இல் ‘நேச்சர்’ இதழில் மூன்று பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். அதில் மூன்று வலைகளை ஒப்பிட்டார்கள்: ஒரே படத்தில் நடித்த நடிகர்களின் வலை, மேற்கு அமெரிக்காவின் மின்கட்டமைப்பு, மூன்றாவதாகப் பிரென்னர் குழுவின் புழு. புழுவில் தொண்டைப் பகுதியின் 20 செல்களை விட்டுவிட்டு 282 செல்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். விளிம்புகளின் திசையையும் வலிமையையும் கைவிட்டார்கள். இரண்டே எண்களைக் கணித்தார்கள். ஒரு கணுவின் அண்டைக் கணுக்கள் தங்களுக்குள்ளும் இணைந்திருக்கும் அளவு, அதாவது கொத்துக் கெழு, ஒன்று. எந்தக் கணுவிலிருந்தும் எந்தக் கணுவுக்கும் போகச் சராசரியாக எத்தனை விளிம்பு கடக்க வேண்டும் என்ற பாதை நீளம் மற்றொன்று. புழுவின் பாதை நீளம் 2.65, அதே அளவுள்ள சமவாய்ப்புக் கோட்டுருவில் 2.25. ஆக, பெரிய வேறுபாடு இல்லை. கொத்துக் கெழுவோ புழுவில் 0.28, சமவாய்ப்பில் 0.05. அக்கம்பக்கத்தில் நெருக்கமான உறவு, ஆனால் எவரையும் இரண்டு மூன்று எட்டில் தொட்டுவிடலாம் என்ற இந்த அமைப்புக்குச் ‘சிற்றுலகம்’ என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டு ஆல்பர்ட் லாஸ்லோ பாரபாசியும் ரேகா ஆல்பெர்ட்டும், சில கணுக்களில் மட்டும் மிகப்பெரும் எண்ணிக்கையில் விளிம்புகள் குவியும் வலைகளைப் பற்றி எழுதினார்கள். நரம்பறிவியலுக்கு ‘மையக்கணு’ என்ற கவர்ச்சி அங்கிருந்து வந்தது.

இந்தக் கணிதம் தயாரான அதே பத்தாண்டில் படமெடுக்கும் கருவியும் தயாராகியிருந்தது. பால் லாட்டர்பர் 1973இல் காட்டிய காந்த ஒத்ததிர்வுப் படம் 1980களில் மருத்துவமனைகளுக்கு வந்துவிட்டது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறி இறங்குவதை அதே கருவியில் பார்க்கலாம் என்று செய்ஜி ஒகாவா 1990இல் காட்டினார். 1992இல் மனித மூளை வேலை செய்யும்போது எந்தப் பகுதி தூண்டப்படுகிறது என்பதைப் பல குழுக்கள் படமெடுத்தன. எஃப்.எம்.ஆர்.ஐ. எனப்படும் இந்த முறை நரம்பு செல்லின் மின்துடிப்பை நேராகப் பார்ப்பதில்லை. அதைத் தொடர்ந்து சில விநாடி தாமதமாக வரும் ரத்த ஓட்ட மாற்றத்தைத்தான் பார்க்கிறது.

அப்போதெல்லாம் ஒரு வேலையைக் கொடுத்து, வேலை செய்யும் நேரத்துக்கும் சும்மா இருக்கும் நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்பதே வழக்கம். சும்மா இருக்கும் நேரத்துச் சமிக்ஞை வெறும் இரைச்சல். அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் ஆராய்ச்சி மாணவராக இருந்த பாரத் பிஸ்வால் அந்த இரைச்சலை எடுத்துப் பார்த்தார். கைவிரலை அசைக்கச் சொல்லி முதலில் மூளையின் இருபுற இயக்கப் பகுதிகளையும் கண்டுகொண்டார். பிறகு, எந்த அசைவும் இல்லாமல் படுத்திருந்தபோது எடுத்த படங்களில் இடப்புற இயக்கப் பகுதியின் சமிக்ஞை மெதுவாக ஏறி இறங்குவதையும், வலப்புறத்துச் சமிக்ஞையும் அதனோடு சேர்ந்தே ஏறி இறங்குவதையும் காட்டினார். 1995இல் அது வெளியானபோது, மூச்சும் இதயத் துடிப்பும் செய்யும் வேலை என்று ஒதுக்கியவர்களே அதிகம். 2001இல் மார்கஸ் ரெய்க்கிலின் குழு, ஓய்வில் இருக்கும்போது அதிகமாகவும் வேலை வந்தால் குறைவாகவும் இயங்கும் மூளைப் பகுதிகளைப் பற்றி எழுதிய பிறகே நிலைமை மாறியது. உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள மூளை உடலின் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைச் செலவிடுகிறது. அதில் பெரும்பங்கு ஓய்விலும் குறைவதில்லை. சும்மா இருக்கும் மூளை சும்மா இல்லை.

ஓய்வுநிலைப் படம் கோட்டுருவாவது எப்படி? ஒருவர் ஸ்கேன் கருவிக்குள் பத்து நிமிடம் அசையாமல் படுத்திருக்கிறார். தூங்கக் கூடாது, எதையும் குறிப்பாக யோசிக்க வேண்டியதில்லை. இரண்டு விநாடிக்கு ஒருமுறை முழு மூளையும் படமானால் 300 படங்கள் சேரும். மூளையைப் பகுதிகளாகப் பிரிக்க ஏதாவது ஒரு வரைபடம் வேண்டும். நெடுங்காலம் அதிகமாகப் பயன்பட்டது பிரெஞ்சுக் குழு ஒன்று 2002இல் வெளியிட்டது. ஒரே ஒரு மனிதரின் மூளையை வைத்து வரைந்த அதில் சிறுமூளையை விட்டால் 90 பகுதிகள். ஒவ்வொரு பகுதிக்கும் சராசரிச் சமிக்ஞையை எடுத்தால் 300 எண்கள் கொண்ட 90 வரிசைகள் கிடைக்கும். இரண்டிரண்டு வரிசையாக எடுத்து, அவை எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழுவைக் கணித்தால் 4,005 எண்கள். அவற்றுள் பெரிய 10 விழுக்காட்டை, அதாவது 400ஐ, விளிம்பு என்று வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிடுகிறார்கள். கையில் இருப்பது 90 கணுவும் 400 விளிம்பும் உள்ள கோட்டுரு. ஏன் 90, ஏன் 10 விழுக்காடு என்று கேட்டால், எல்லோரும் அப்படிச் செய்கிறார்கள் என்பதைத் தவிர வலுவான விடை பலநேரம் இருந்ததில்லை.

ஒட்டுறவு வேறு, இணைப்பு வேறு. பேருந்து வந்து நின்றால் எதிரெதிரே இருக்கும் இரண்டு டீக்கடைகளிலும் ஒரே நேரத்தில் கூட்டம் சேரும். கடைக்குக் கடை ஏதோ தொடர்பு இருப்பதாக அதற்குப் பொருளில்லை. இந்த வேறுபாட்டைக் கார்ல் ஃப்ரிஸ்டன் 1994இலேயே வரையறுத்துவிட்டார். சேர்ந்து ஏறி இறங்குவது செயல்வழி இணைப்பு; ஒன்று மற்றொன்றை நேரடியாகத் தூண்டுவது விளைவுவழி இணைப்பு. உடற்கூறு சார்ந்த நார்களின் இணைப்பு மூன்றாவது வகை. அதைப் படமெடுக்கப் பீட்டர் பாஸரும் உடனிருந்தவர்களும் 1994இல் வழி செய்தார்கள். நீர் மூலக்கூறுகள் நரம்பு நாரின் போக்கிலேயே எளிதாகப் பரவும் என்பதால், நீர் பரவும் திசையைப் படமெடுத்து நாரின் திசையை ஊகிக்கலாம்.

2004 முதல் வெள்ளம் திறந்துவிட்டதுபோல் கட்டுரைகள் வரத் தொடங்கின. நெதர்லாந்தில் கார்னெலிஸ் ஸ்டாம் மூளையின் காந்தப்புலப் பதிவுகளில் சிற்றுலகத்தைத் தேடினார். கேம்பிரிட்ஜில் எட் புல்மோரின் குழு 2005, 2006 ஆண்டுகளில் எஃப்.எம்.ஆர்.ஐ. கோட்டுருக்களை வெளியிட்டது. 2005இல் ஓலாஃப் ஸ்போர்ன்ஸ், ஜூலியோ தோனோனி, ரோல்ஃப் கோட்டர் மூவரும் மனித மூளையின் முழு இணைப்பு வரைபடத்துக்குக் ‘கனெக்டோம்’ என்று பெயரிட்டு, அதை வரைந்தாக வேண்டும் என்று எழுதினார்கள். அவர்களுக்குத் தெரியாமலே சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பாட்ரிக் ஹாக்மன் தம் ஆய்வேட்டில் அதே ஆண்டு அதே பெயரைச் சூட்டியிருந்தார். இருதரப்பும் சேர்ந்து 2008இல் வெளியிட்ட கட்டுரையில், ஐந்து பேரின் மூளை 998 கணுக்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மூளையின் பின்-நடுப்பகுதியில் நெருக்கமாகப் பின்னிய ஒரு மையம் தெரிந்தது. புல்மோரும் ஸ்போர்ன்ஸும் 2009இல் எழுதிய தொகுப்புக் கட்டுரை துறையின் கையேடாகிவிட்டது. மிக்கைல் ருபினோவ் அடுத்த ஆண்டு ஸ்போர்ன்ஸோடு சேர்ந்து ஓர் இலவச மென்பொருள் தொகுப்பை விளக்கி எழுதினார். துறை பெருகியதற்குக் கருத்தைவிட இந்த மென்பொருளே பெரிய காரணம் என்று சொன்னாலும் தகும். கணிதம் தெரியாதவரும் ஓர் அட்டவணையை உள்ளே போட்டு முப்பது அளவைகளை வெளியே எடுக்க முடிந்தது.

கணுக்களைக் குழுக்களாகப் பிரிப்பதும் அப்படித்தான் பரவியது. மார்க் நியூமனும் மிஷெல் கர்வனும் 2004இல் குழுப்பிரிவின் தரத்தை அளக்க ஓர் அளவை தந்தார்கள். பெல்ஜியத்தின் லூவான் பல்கலைக்கழகத்தில் 2008இல் உருவான விரைவு முறை, முதலில் 20 லட்சம் கைப்பேசி வாடிக்கையாளர்களின் வலையில் மொழிக் குழுக்களைப் பிரித்துக் காட்டியது. அதே முறை மூளைக்குள் பார்வை, இயக்கம், கவனம் என்று குழுக்களைப் பிரித்தது. 2011இல் தாமஸ் யியோவும் உடனிருந்தவர்களும் 1,000 பேரின் படங்களிலிருந்து ஏழு வலைகளாகப் புறணியைப் பிரித்தது பெருவழக்காக நிலைத்தது. அவர்கள் கையாண்டது வேறு கணக்கு முறை. அதே ஆண்டு மார்ட்டின் வான் டென் ஹூவெலும் ஸ்போர்ன்ஸும் 12 மையக்கணுக்கள் தங்களுக்குள் மிக நெருக்கமாக இணைந்திருப்பதைக் காட்டி, அதற்குப் ‘பணக்காரர் மன்றம்’ என்ற பெயரைக் கடன் வாங்கினார்கள்.

நோய்களின் பக்கமும் ஆய்வு விரிந்தது. அல்சைமர் நோயாளிகளின் மின்பதிவுகளில் பாதை நீளம் கூடியிருப்பதை ஸ்டாம் 2007இல் காட்டினார். ராண்டி பக்னர் 2009இல் மையக்கணுக்கள் உள்ள இடங்களும் அல்சைமரில் அமிலாய்டு புரதம் படியும் இடங்களும் பெருமளவு ஒன்றே என்று காட்டினார். 26 மூளை நோய்களின் ஆய்வுகளைத் தொகுத்த நிக்கோலஸ் கிராஸ்லியின் குழு, பாதிப்பு பொதுவாக மையக்கணுக்களில் அதிகம் என்று 2014இல் சொன்னது. வேலை அதிகம் செய்யும் இடம் முதலில் தேய்கிறது என்பது ஒரு விளக்கம். எங்கே பாதித்தாலும் அது மையத்தின் வழியாகவே பரவுகிறது என்பது இன்னொன்று. எது சரி என்பது தீரவில்லை. மனச்சிதைவு, ஆட்டிசம், மனச்சோர்வு என்று எல்லாவற்றிலும் ‘மாறிய சிற்றுலகம்’ கண்டார்கள். ஒரு குழு கூடியிருக்கிறது என்றது; மற்றொரு குழு அதே நோயில் குறைந்திருக்கிறது என்றது.

அங்கிருந்துதான் அடித்தளத்தைத் தோண்டிப் பார்க்கும் காலம் தொடங்கியது. துறையின் உண்மையான முதிர்ச்சி இந்தக் கட்டத்தில்தான் தெரிகிறது. முதல் அடி கணிதத்திலிருந்து வந்தது. அ, ஆ இரண்டும் ஒட்டி ஏறி இறங்குகின்றன, ஆ, இ இரண்டும் அப்படியே என்றால், அ, இ இரண்டும் ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே ஒட்டுறவிலிருந்து செய்த எந்தக் கோட்டுருவிலும் முக்கோணங்கள் தாமாகவே பெருகும், கொத்துக் கெழு தானாகவே உயரும். மூளையே தேவையில்லை. ஆண்ட்ரூ ஸலெஸ்கி, அலெக்ஸ் ஃபோர்னிட்டோ, புல்மோர் மூவரும் 2012இல் இதை விளக்கி, வெறும் சமவாய்ப்புக் கோட்டுருவோடு ஒப்பிடுவது போதாது என்றார்கள். முந்தைய சிற்றுலக அறிக்கைகளில் எவ்வளவு மூளையைச் சேர்ந்தது, எவ்வளவு கணக்கு முறையைச் சேர்ந்தது என்பது அதோடு கேள்விக்குள்ளானது.

இரண்டாவது அடி தலையசைவு. ஸ்கேனுக்குள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தலை அசைந்தாலே அருகருகே உள்ள பகுதிகளின் ஒட்டுறவு பொய்யாகக் கூடும், தொலைவில் உள்ளவற்றின் ஒட்டுறவு பொய்யாகக் குறையும். 2012இல் மூன்று குழுக்கள் தனித்தனியே இதை அறிவித்தன. குழந்தைகள் பெரியவர்களைவிட அதிகம் அசைவார்கள்; நோயாளிகளும் அப்படியே. குழந்தை மூளையில் கிட்டத்து இணைப்புகள் வலுவாக இருந்து, வளர வளரத் தூரத்து இணைப்புகள் வலுப்பெறுகின்றன என்பது அதுவரை துறையின் பெருமைக்குரிய கண்டுபிடிப்பு. அதில் கணிசமான பங்கு அசைவின் வேலை என்று ஆகிவிட்டது. இதை முதலில் எடுத்துரைத்தவர்களில் ஜோனதன் பவர் இருந்தார். பெருமைக்குரிய அந்தக் கண்டுபிடிப்பைச் செய்ததும் அவர் பணிபுரிந்த செயின்ட் லூயிஸ் ஆய்வகமே. தன் வீட்டுச் சுவரைத் தானே இடித்த அந்த நேர்மை அறிவியலில் அடிக்கடி காணக் கிடைப்பதன்று.

நார்களின் படமும் தப்பவில்லை. ஒரு நரம்பிழையின் தடிமன் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு. ஸ்கேனின் ஒரு கனக்கட்டமோ ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர். ஒரே கட்டத்துக்குள் நார்கள் குறுக்கிடுகின்றனவா, தொட்டு விலகுகின்றனவா என்று கருவிக்குத் தெரியாது. விடை முன்கூட்டியே தெரிந்த செயற்கைத் தரவைக் கொடுத்து 20 குழுக்களைச் சோதித்த முடிவு 2017இல் வெளியானது. உண்மையான நார்க்கட்டுகளில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் இல்லாத கட்டுகளையும் அவற்றைவிட அதிக எண்ணிக்கையில் வரைந்திருந்தார்கள். குரங்கின் பக்கமும் நிலைமை மாறியது. பிரான்சின் லியோன் நகரில் ஹென்றி கென்னடியின் குழு, புதிதாகச் சாயமிட்டு எண்ணியபோது, புறணிப் பகுதிகளுக்கிடையே இருக்கக்கூடிய இணைப்புகளில் சுமார் 66 விழுக்காடு உண்மையிலேயே இருந்தன. ஃபெல்மன், வான் எசன் படத்தில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மூன்றில் இரண்டு பங்கு நேரடியாகவே இணைந்திருந்தால், எவரையும் இரண்டு எட்டில் தொடலாம் என்பதில் வியக்க என்ன இருக்கிறது? இணைப்பு உண்டா இல்லையா என்று பார்ப்பது பயன் தராது. இணைப்பின் வலிமையைப் பார்க்க வேண்டும் என்ற முடிவுக்கு அது தள்ளியது. 2017இல் டேனியல் பாஸெட்டும் புல்மோரும் சிற்றுலகக் கருத்தை மறுபார்வையிட்டு, எடையுள்ள கோட்டுருக்களின் பக்கம் திரும்பச் சொன்னார்கள்.

தரவின் அளவும் இதற்கிடையே மாறிவிட்டது. அமெரிக்க அரசு 2010இல் தொடங்கிய மனிதக் கனெக்டோம் திட்டம் 1,200 இளவயதினரைப் படமெடுக்கத் திட்டமிட்டுத் தரவை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதிலிருந்து மேத்யூ கிளாஸர் குழு 2016இல் மூளையின் ஒவ்வொரு பக்கத்தையும் 180 பகுதிகளாகப் பிரித்தது. பிராட்மனின் வேலையை நூறாண்டு கழித்து, ஒரே சான்றை நம்பாமல் பல வகைப் படங்களைச் சேர்த்து, மீண்டும் செய்ததுதான் அது. எமிலி ஃபின்னும் உடனிருந்தவர்களும் 2015இல் அதே திட்டத்தின் 126 பேரை எடுத்துக்கொண்டு, ஒருவரின் ஒட்டுறவு அட்டவணையைப் பார்த்து இன்னொரு நாளில் எடுத்த படங்களிலிருந்து அவரையே அடையாளம் காணமுடிகிறது என்று காட்டினார்கள். பத்துக்கு ஒன்பது தடவைக்கு மேல் சரியாக வந்தது. மூளைக் கோட்டுருவும் கைரேகைபோல் ஆளுக்கு ஆள் வேறு என்றால், நோயாளிகளின் சராசரியை மற்றவர்களின் சராசரியோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்த பத்தாண்டு வேலையின் பொருள் என்ன என்ற கேள்வியும் கூடவே வந்தது. 2022இல் ஸ்காட் மாரெக்கின் குழு சுமார் 50,000 பேரின் தரவை அலசி, மூளையையும் நடத்தையையும் இணைக்கும் நம்பகமான முடிவுக்கு ஆயிரக்கணக்கானோர் தேவை என்றது. அதுவரை வழக்கமான ஆய்வில் இருந்தது சுமார் 25 பேர்.

இப்போதைய ஆய்வுகள் பல திசையில் போகின்றன. கோட்டுருவை ஒரே படமாக வைக்காமல், நேரத்துக்கு நேரம் மாறும் அடுக்குகளாக வைத்துப் பார்ப்பது ஒன்று. பாஸெட்டும் உடனிருந்தவர்களும் 2011இல் ஒரு கைத்திறனைக் கற்கும்போது மூளையின் குழுக்கள் எப்படிக் கலைந்து சேர்கின்றன என்று காட்டியதிலிருந்து அது வளர்ந்தது. இருவர் உறவை மட்டும் காட்டும் விளிம்பை விட்டு, மூவர் நால்வர் சேர்ந்த உறவுகளை இடவியல் கணிதத்தால் பிடிக்க முயல்வது இன்னொன்று. கோட்டுருவையே உள்ளீடாக வாங்கும் செயற்கை நரம்பு வலைகள் 2017க்குப் பின் பெருகியுள்ளன. எளிய ஒட்டுறவுக் கணக்கைவிட இவை எவ்வளவு கூடுதலாகச் சொல்கின்றன என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

பழைய வழியும் திரும்ப வந்திருக்கிறது. சவுத்கேட் கையால் செய்த வேலையை இன்று கணினி செய்கிறது, மனிதர்கள் திருத்துகிறார்கள். 2024 அக்டோபரில் பழ ஈயின் முழு மூளை வரைபடம் வெளியானது. அதில் 1,39,255 நரம்பு செல்கள், 5 கோடிக்கு மேற்பட்ட சினாப்ஸ்கள். அங்கேயும் பணக்காரர் மன்றம் இருக்கிறது, ஆனால் மொத்தச் செல்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு அதன் உறுப்பினர்கள். அதே ஆண்டு ஹார்வர்டும் கூகுளும் சேர்ந்து மனிதப் புறணியின் ஒரு கன மில்லிமீட்டரை வெளியிட்டன. 57,000 செல்கள், 15 கோடி சினாப்ஸ்கள், 1,400 டெராபைட் தரவு. மனித மூளையில் அத்தகைய கன மில்லிமீட்டர்கள் பத்து லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் கருவிலுள்ள சிசுவின் மூளையை 5,132 சீவல்களாகச் செல் அளவில் காட்டும் ‘தரணி’ என்ற முப்பரிமாண வரைபடத்தை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்தது. அதில் விளிம்புகள் இல்லை. ஆனால் மனித மூளையில் கணு எது என்று முடிவு செய்ய இத்தகைய வரைபடங்களே தேவைப்படுகின்றன.

மருத்துவத்தில் இணைப்பு வரைபடங்கள் கால் ஊன்றிய இடங்கள் சிலவே. மருந்துக்கு அடங்காத வலிப்பு நோயில் எங்கே அறுப்பது என்று திட்டமிடுவதில் கோட்டுரு அளவைகள் சோதிக்கப்படுகின்றன. மனச்சோர்வுக்குத் தலைக்கு வெளியிலிருந்து காந்தத் தூண்டல் கொடுக்கும்போது, அவரவர் ஓய்வுநிலைப் படத்தில் இணைப்பைப் பார்த்து இடம் குறிக்கும் முறைக்கு 2022இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி அளித்தது. கொத்துக் கெழுவையோ பாதை நீளத்தையோ மட்டும் வைத்து ஒருவருக்கு இன்ன மனநோய் என்று உறுதிசெய்யும் பரிசோதனை எதுவும் மருத்துவமனைகளில் வழக்கத்துக்கு வரவில்லை.